சொந்த விமானமே குண்டு போட்ட போர்க்கப்பல்! தெரியுமா?

1940 பிப்ரவரி 22, இரவு. வட கடலில் ஆறு ஜெர்மன் நாசகாரிக் கப்பல்கள் வரிசையாகப் போகின்றன. தலைக்கு மேல் ஒரு விமானம்! நம்முடையதா, எதிரியுடையதா? யாருக்கும் தெரியவில்லை. கப்பலிலிருந்து சுடுகிறார்கள். விமானம் குண்டு போடுகிறது. 'லெபரெக்ட் மாஸ்' என்ற கப்பல் இரண்டாகப் பிளந்து மூழ்குகிறது. அந்த விமானம் யாருடையது தெரியுமா? ஜெர்மனியுடையதேதான்!

கதை அதோடு முடியவில்லை. உதவிக்கு விரைந்த 'மாக்ஸ் ஷூல்ட்ஸ்' பிரிட்டிஷ் கண்ணிவெடியில் சிக்கிச் சிதறியது. அதிலிருந்து ஒருவர்கூடப் பிழைக்கவில்லை! மிச்சமிருந்த கப்பல்கள், நீர்மூழ்கி வந்துவிட்டது என்று அலறி, தண்ணீரில் தத்தளித்தவர்களை மீட்பதை நிறுத்திவிட்டு அதைத் தேடின. ஒரு கப்பல், தான் போட்ட வெடியிலேயே தன் சுக்கானைக் கெடுத்துக்கொண்டது! நீர்மூழ்கி? அங்கே ஒன்றுமே இல்லை! பலி கிட்டத்தட்ட 580 பேர். காரணம்? விமானம் பறக்கும் என்று கப்பலுக்குச் சொல்லவில்லை. கப்பல் வரும் என்று விமானிக்கும் தெரியாது. ஒரே ஒரு தகவல், நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை!

இத்தாலி மட்டும் சளைத்ததா? 1940 ஜூலை 9, புந்தா ஸ்டீலோ சண்டை. இத்தாலிய விமானங்கள் இத்தாலியக் கப்பல்கள் மீதே குண்டு மழை பொழிந்தன! நல்லவேளை, ஒன்றும் சரியாகப் படவில்லை. அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? கப்பல்களின் முன்தளத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்தார்கள். நம்ம கப்பல், போடாதே என்று வானத்துக்குச் சொல்ல!

அதற்கும் முன்பே ஒரு பேரிழப்பு! 1940 ஜூன் 10 அன்று முசோலினி போரை அறிவித்தார். அப்போது 200க்கும் மேற்பட்ட இத்தாலிய வணிகக் கப்பல்கள் மத்தியதரைக் கடலுக்கு வெளியே இருந்தன. திரும்பி வாருங்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவே இல்லை! நாட்டின் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒரு குண்டுகூட வெடிக்காமலே கைநழுவிப் போனது!

குளிரூட்டி ஆளைக் கவிழ்க்குமா? கவிழ்த்தது! ஏடன் பக்கம் போன 'கலிலியோ கலிலெய்' நீர்மூழ்கியில், குளிரூட்டும் கருவியிலிருந்து மெத்தில் குளோரைடு வாயு கசிந்தது. உள்ளே இருந்தவர்களுக்குத் தலை சுற்றியது, புத்தி தடுமாறியது. மூச்சுக்குத் தவித்து மேலே வந்தால், எதிரே 'மூன்ஸ்டோன்'. அது என்ன, பெரிய போர்க்கப்பலா? பீரங்கி பொருத்திய மீன்பிடிக் கப்பல்! 1940 ஜூன் 19 அன்று நீர்மூழ்கி அதனிடம் சரணடைந்தது. உள்ளே கிடைத்த ரகசியத் தாள்கள், மற்ற இத்தாலிய நீர்மூழ்கிகளையும் காட்டிக்கொடுத்துவிட்டன!

குந்தர் பிரீன் பெயர் கேட்டிருக்கிறீர்களா? ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து 'ராயல் ஓக்' கப்பலை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கித் தலைவர். 1940 ஏப்ரலில் நார்வேயில் அவர் கண்முன்னே நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாக நின்றன. நான்கு டார்பிடோ விட்டார். சத்தமே இல்லை! மறுபடி நான்கு. ஒன்று வழி தவறிப் போய்ப் பாறையில் மோதி வெடித்தது! மற்றவை? ஒன்றுமே இல்லை! டார்பிடோக்கள் குறித்த ஆழத்தைவிடக் கீழே ஓடின, காந்த விசையால் வெடிக்கும் பொறியும் காலை வாரியது. புகார்கள் முதலிலிருந்தே வந்துகொண்டிருந்தன. காது கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை! பிறகு விசாரணை நடந்து, பொறுப்பான அதிகாரிகள் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள்.

அதே நார்வே. ஓஸ்லோ நகரைப் பிடிக்க வந்தது 'ப்ளூஹர்', புத்தம் புதிய ஜெர்மன் குரூசர். குறுகிய கடல்வழி, இரு பக்கமும் கோட்டை. அங்கே விலைமதிப்புள்ள கப்பலையே முதலில் அனுப்புவார்களா? அனுப்பினார்கள்! ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டையில் ஆள் போதாமல் சமையல்காரர்களையும் பீரங்கியில் நிறுத்தியிருந்தார்கள். சுட்டது இரண்டே குண்டு. இரண்டும் பட்டன! பிறகு நாற்பது ஆண்டுப் பழைய டார்பிடோக்கள் வந்து பாய்ந்தன. கப்பல் காலி! அந்த 1893ஆம் ஆண்டு பீரங்கிகளைச் செய்தது எந்த நிறுவனம் தெரியுமா? ஜெர்மனியின் க்ரூப்!

ஜெர்மனியின் பெரும் போர்க்கப்பல் 'பிஸ்மார்க்' எப்படிச் சிக்கியது? 1941 மே 25 அன்று அதிகாலையிலேயே பிரிட்டிஷார் அதன் தடத்தைத் தவறவிட்டிருந்தார்கள். ஆனால் எதிரி ரேடாரின் அலை தன் கருவியில் பட்டுக்கொண்டே இருந்ததால், பார்வையில்தான் இருக்கிறோம் என்று அட்மிரல் லூட்யென்ஸ் நம்பினார். எதிரிக்குத் திரும்பிப் போக அந்த அலைக்கு வலுவில்லை என்பது அவருக்குத் தெரியாது. நீண்ட வானொலிச் செய்தி அனுப்பினார். அதை வைத்தே மறுபடி வேட்டை! கப்பல் மூழ்கியபோது 2,200க்கு மேற்பட்டவர்களில் பிழைத்தது சுமார் 115 பேர்.

இத்தாலியின் பெரிய கடற்படைத் தளம் தாரந்தோ. டார்பிடோவைத் தடுக்க 12,800 மீட்டர் வலை வேண்டும். போட்டிருந்தது 4,200 மீட்டர்! காவல் பலூன்களில் 60ஐப் புயல் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, மிச்சம் 27. 1940 நவம்பர் 11 இரவு, துணி போர்த்திய 21 பழைய இரட்டை இறக்கை விமானங்கள் வந்தன. மூன்று பெரும் போர்க்கப்பல்கள் முடங்கின! பிரிட்டனுக்கு இழப்பு இரண்டே விமானம்!

கடைசியாக மட்டப்பான் சண்டை. எனக்கு இதுதான் மனசைப் பிசைகிற கதை.

1941 மார்ச். இத்தாலியக் கப்பல்கள் கிளம்பப்போவதை முன்கூட்டியே கண்டுபிடித்தது யார் தெரியுமா? ரகசியக் குறிகளை உடைத்த மேவிஸ் லெவர் என்ற பெண். வயது 19! பிரிட்டிஷ் அட்மிரல் கன்னிங்காம் அலெக்சாண்டிரியாவில் கைப்பெட்டியோடு கோல்ஃப் ஆடப் போனார். எதிரிக்குச் சேதி சொல்லக்கூடிய ஜப்பானியத் துணைத்தூதர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே! இருட்டியதும் கமுக்கமாகத் திரும்பிக் கப்பலேறினார்.

மார்ச் 28. டார்பிடோ பட்டு 'போலா' குரூசர் நடுக்கடலில் நின்றுவிட்டது. எதிரி வெகு தொலைவில் என்று நம்பிய இத்தாலிய அட்மிரல் இயாகினோ, அதை மீட்க 'சாரா', 'ஃபியூமே' இரண்டையும் இருட்டில் திருப்பி அனுப்பினார். ரேடார் கிடையாது! வழி பார்க்க வேண்டிய நாசகாரிகள் முன்னால் போகாமல் பின்னால்! இரவில் பெரிய பீரங்கி சுடும் ஏற்பாடே இல்லை. பீரங்கிகள் நேராக, ஆளில்லாமல் கிடந்தன. சுமார் 3,500 மீட்டரில் மூன்று பிரிட்டிஷ் பெரும் போர்க்கப்பல்கள்! சட்டென்று விளக்கொளி பாய்ந்தது. ஒரு கப்பலில் அந்த விளக்கைக் கவனித்த 19 வயது இளைஞர் யார் தெரியுமா? பின்னாளில் எலிசபெத் ராணியின் கணவரான பிலிப்!

சில நிமிடங்களிலேயே இரண்டு குரூசர்களும் பற்றி எரிந்தன. விடிவதற்குள் மொத்தம் ஐந்து கப்பல்கள், சுமார் 2,300 பேர்! பிரிட்டனுக்கு? ஒரு விமானம், மூன்று பேர்.

காலையில் கன்னிங்காமின் கப்பல்கள் மிதந்தவர்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஜெர்மன் விமானங்கள் வந்துவிட்டன. போயே ஆக வேண்டும். போகுமுன் அவர் ரோமுக்கு வானொலியில் ஒரு செய்தி அனுப்பினார்: உங்கள் ஆட்கள் இன்ன இடத்தில் தண்ணீரில் கிடக்கிறார்கள்! இத்தாலியின் மருத்துவக் கப்பல் 'கிராதிஸ்கா' அந்த இடத்தைத் தேடிப் போய், இன்னும் உயிரோடிருந்த சுமார் 160 பேரைத் தூக்கிக்கொண்டது.