18 கட்டங்கள் எதற்கு?

ஸ்பானிஷ் கற்கத் தொடங்குகிறவர் கைக்குச் சீக்கிரமே ஓர் அட்டவணை வந்துசேரும். ஆர், ஏர், ஈர் என்று முடியும் மூவகை வினைகள். தன்மை, முன்னிலை, படர்க்கைக்கு ஒருமையும் பன்மையுமாக ஆறு வடிவங்கள். ஆக, நிகழ்காலத்துக்கு மட்டும் 18 கட்டங்கள். இதை அப்படியே உருப்போடுவது வீண் சுமை. குடிப்பதைக் குறிக்கும் 'தொமார்' வினையைப் பாருங்கள். தோமோ என்றால் குடிக்கிறேன், தோமாஸ், குடிக்கிறாய், தோமா, குடிக்கிறான் அல்லது குடிக்கிறாள் (ஆண்பால் பெண்பால் பேதம் கிடையாது), தொமாமோஸ், குடிக்கிறோம், தொமாயிஸ், குடிக்கிறீர்கள் (பலரைப் பார்த்துச் சொல்வது), தோமான், குடிக்கிறார்கள். முதல் வடிவத்தின் ஓ-வை ஒதுக்கிவிட்டால், எல்லாவற்றிலும் இருப்பது 'தோமா'தான். அதன் பின்னால் ஸ், மோஸ், இஸ், ன் என்று விகுதிகள் ஒட்டுகின்றன. படர்க்கை ஒருமைக்கு அதுவும் இல்லை. ஆள் யாரென்று விகுதியே சொல்லிவிடுவதால், தமிழில் போலவே எழுவாய் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

சாப்பிடுவதற்கான 'கொமேர்' வினையில் ஆ-வின் இடத்தில் ஏ வருகிறது, அவ்வளவுதான்: கோமோ, கோமேஸ், கோமே, கொமேமோஸ், கொமேயிஸ், கோமேன். ஏறுவதற்கான 'சுபீர்' கொஞ்சம் சுவாரசியமானது. சூபோ, சூபேஸ், சூபே, சூபேன் என்று 'ஏர்' வகையைப் போலவே நடந்துவிட்டு, சுபீமோஸ், சுபீஸ் என்ற இரண்டில் மட்டும் தன் ஈ-யைக் காட்டுகிறது. குரலின் அழுத்தம் பகுதியை விட்டுக் கடைசிப் பக்கம் நகரும் வடிவங்கள் இவை இரண்டே. அழுத்தம் விழும் இடத்தில் ஈ பிழைக்கிறது, விழாத இடத்தில் ஏ ஆகிறது. மெக்சிகோ நகரத்தில் இந்த இரண்டுகூடப் பாதியாகக் குறையும். அங்கே பலரை விளிக்கவும் படர்க்கைப் பன்மை வடிவமே போதும். 'இஸ்' விகுதி ஸ்பெயினுக்கு உரியது.

அடிக்கடி புழங்கும் வினைகளெல்லாம் ஒழுங்கற்றவை, ஒழுங்கானவற்றைப் படித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான், ஆனால் ஒழுங்கின்மை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'தெனேர்', அதாவது வைத்திருத்தல், தேங்கோ, தியேனேஸ், தியேனே, தெனேமோஸ், தெனேயிஸ், தியேனேன் என்று வரும். குழப்பம் முழுவதும் பகுதியில். விகுதிகள் இம்மியும் பிசகவில்லை. போவதற்கான வினை இன்னும் விசித்திரமானது, ஆனாலும் வாஸ், வா, வாமோஸ், வாயிஸ், வான் என்று 'தொமார்' விகுதிகளையே சுமக்கிறது. கரீபியத் தீவுகளிலும் ஸ்பெயினின் அந்தலூசியாவிலும் கடைசி 'ஸ்' தேய்ந்து, தோமாஸும் தோமாவும் காதுக்கு ஒன்றாகிவிடுவதை இன்னொரு மறுப்பாகச் சொல்லலாம். அங்கே தேய்வது ஒலி மட்டுமே. எழுத்தில் அந்த ஸ் அப்படியே நிற்கிறது, ஐயம் வரும் இடத்தில் 'நீ' என்று சேர்த்துச் சொன்னால் போதும்.

மூன்று வகைக்கும் சமமாக நேரம் ஒதுக்குவதும் தேவையில்லை. மொழிக்குப் புதிதாக வரும் வினைகள் ஏறக்குறைய எல்லாமே 'ஆர்' வகையில்தான் சேருகின்றன. ட்விட்டரில் எழுதுவதற்கான 'துயிதேயார்' 2014-இல் ஸ்பானிஷ் அகாதெமியின் அகராதிக்குள் நுழைந்தது. அதன் நிகழ்கால வடிவங்களை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.