காதுல கோழி இறகு விடுறீங்களா? உஷார்!

சேலம், நாமக்கல் பக்கம் கோழி இறகு, தீக்குச்சி, ஊக்கு என கையில் கிடைத்ததை வைத்து காது குடைபவர்கள் பலர். சுகமாத்தான் இருக்கும். ஆனால் ஆபத்து!

காது துவாரத்தில் இருந்து செவிப்பறை வரை நீளம் சுமார் 2.5 செ.மீ. தான். நேராகவும் இருக்காது, வளைந்து போகும். வெளிப்பக்கம் குருத்தெலும்பு. உள்பக்கம் எலும்பு. எலும்பு மேல் உள்ள தோல் ரொம்ப மெல்லிசு. லேசா கீறினாலே புண்ணாகும். கடைசியில் இருக்கும் செவிப்பறையின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. தான். குடையும்போது யாராவது கையைத் தட்டிவிட்டால் கிழிந்துவிடும்.

குரும்பி அழுக்கு அல்ல, காதுக்குக் காவல். வெளிப்பகுதியில்தான் சுரக்கும். தூசியைப் பிடித்து வைக்கும். மெல்லும்போது தாடை அசைய, தானாக வெளியே வரும். குடைந்தால் உள்ளேதான் போகும்.

காது அடைச்சாலோ, சீழ் வந்தாலோ எண்ணெய் காய்ச்சி ஊத்தாதீங்க. அரசு ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டுங்க.