பார்பராவும் காப்பு விளக்கும்

ஜெர்மன் நகரமான டோர்ட்மண்டின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் துணைக்கு அழைத்தது புனித பார்பராவை. அவள் தலையை வெட்டிய தந்தையை மின்னல் எரித்தது என்கிறது கதை. திடீர் நெருப்புக்கும் நொடியில் வரும் சாவுக்கும் அவள் காவலானது அப்படித்தான். அவள் திருநாளான டிசம்பர் 4 அன்று வெட்டி நீரில் வைக்கும் செர்ரிக் கிளை கிறிஸ்துமஸுக்குப் பூத்தால், வரும் ஆண்டு நல்லபடி போகும் என்பது வீட்டு நம்பிக்கை.

சாக்சனிச் சுரங்கத்தாருக்கோ ‘கோபோல்ட்’ என்ற குட்டிப் பேய்மேல் பயம். உருக்கினால் வெள்ளி தராமல் நச்சுப்புகை கக்கிய தாது அதன் வேலை என்றார்கள். 1730களில் வேதியியலாளர் கேயார்க் பிராண்ட் அதில் புது உலோகம் கண்டார். பேயின் பெயரே நிலைத்தது: கோபால்ட்.

சுரங்கத்தாரிடம் வேண்டுதலோடு காப்பு விளக்கும் இருந்தது. அதைக் குனிந்து பாருங்கள். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை. அது வெப்பத்தை வாங்கிப் பரப்பிவிடுவதால் தீ வெளியே பாயாது. ஹம்ப்ரி டேவி 1815இல் செய்து காட்டியது. திரியைத் தணித்தால், மீத்தேன் உள்ள இடத்தில் சுடரின் தலையில் வெளிர்நீலத் தொப்பி ஒன்று எழும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு இருந்தால், வெடிக்க ஒரு பொறி போதும்.

1925 பிப்ரவரி 11 அன்று டோர்ட்மண்டின் மினிஸ்டர் ஸ்டைன் சுரங்கம் வெடித்து 136 பேர் இறந்தார்கள். விளக்கும் இருந்தது, வேண்டுதலும் இருந்தது. ஆயுதபூஜையில் லேத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டு, மறுநாள் எண்ணெய் விடவும் மறக்காத நம் பட்டறைக்காரருக்கு இந்த மனிதர்களைப் புரியும்.

நகரின் கடைசிச் சுரங்கமாக மினிஸ்டர் ஸ்டைன் 1987இல் மூடப்பட்டது. பார்பரா திருநாளை, இந்நகர் உள்ள ரூர் பகுதியில் இன்றும் கொண்டாடுகிறார்கள்.