ஏணியில் ஏறிய ஓர் இரவு

குடும்ப இதழில் மதுக்கடைக் கதையா என்று முகம் சுளிக்காதீர்கள், அன்பு வாசகர்களே! கள்ளும் சம்சுவும் நம் தோட்டத்து லயங்களில் எத்தனை அடுப்புகளை அணைத்தன என்பதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவன் நான். ஒரு சம்பள நாள் இரவு, குடித்துவிட்டுச் சைக்கிளில் திரும்பிய என் தந்தையார் கால்வாயில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் அவரால் பால்மரம் சீவ முடியவில்லை. அம்மாவின் உழைப்பில்தான் நாங்கள் படித்தோம். அன்று அப்பாவோடு குடித்தவர்கள் நால்வர். "பார்த்துப் போப்பா" என்று சொல்லி அனுப்பினார்களே தவிர, தடுத்தவர் ஒருவரும் இல்லை. அந்த நினைவோடுதான் இதை எழுதுகிறேன்.

ஜப்பானின் தெற்கே உள்ள கியூஷூ தீவின் பெரிய நகரம் ஃபுக்குவோக்கா. வேலைப் பயிற்சிக்காக நாங்கள் மூவர் அங்கே போயிருந்தோம். ஊர் திரும்புவதற்கு முந்திய மாலை, எங்களுக்குப் பயிற்சி தந்த ஜப்பானிய நண்பர், "இவ்வளவு சீக்கிரம் விடுதிக்குப் போய் என்ன செய்வீர்கள்? வாருங்கள், ஒரு கடைக்குப் போகலாம்" என்றார். முன்னேற்பாடு எதுவும் இல்லை. எங்களில் ஒருவர் வாடகைக் காரை ஓட்ட, கிளம்பிவிட்டோம்.

ஒரு கடை என்று கிளம்பியது மூன்று கடைகளில் போய் முடிந்தது. இப்படிக் கடை கடையாகப் போய்க் குடிப்பதற்கு ஜப்பானியர் 'ஹாஷிகோ-ஸாக்கே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஹாஷிகோ என்றால் ஏணி. ஒவ்வொரு கடையும் ஒரு படி. ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கடினம் என்று நமக்குத் தெரியாதா என்ன?

நாக்கா ஆற்றங்கரையில், நாக்காசு என்னும் இடத்தில், சிவப்பு விளக்குகள் தண்ணீரில் ஆட, வரிசையாகத் தள்ளுவண்டிக் கடைகள். இவற்றை 'யத்தாய்' என்கிறார்கள். நம்மூர் ஒட்டுக்கடை மாதிரிதான். மாலையில் உருட்டி வந்து விரிப்பார்கள், பொழுது விடியுமுன் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நகரம் முழுவதும் சுமார் 100 கடைகள் உண்டு. 2013-இல் நகராட்சி இவற்றுக்கென்றே தனி விதிமுறை கொண்டுவந்தது. விலைப் பட்டியல் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பச்சை மீன் பரிமாறக் கூடாது.

ஒரு கடையில் பத்துப் பேர் அமர்ந்தாலே தோளோடு தோள் உரசும். ஆகவே ஆளுக்கு ஒரு தட்டாவது வாங்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். தன் குவளையில் தானே ஊற்றிக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுவதே அங்கே மரியாதை. எல்லாருடைய குவளையும் நிறைந்த பிறகுதான் 'கன்பாய்' என்று உயர்த்துவார்கள்.

கடைக்காரரை 'தைஷோ' என்று அழைக்கிறார்கள். தளபதி என்று பொருள். முதற்கடைத் தளபதிக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். நண்பர் மேசைமேல் வைத்த கார் சாவியைப் பார்த்தார். உடனே அவருடைய குவளையைக் கையால் மூடிவிட்டார்!

"ஒன்றே ஒன்று" என்று நண்பர் சிரித்துக் கெஞ்சினார். பெரியவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஊலோங் தேநீரை ஊற்றி வைத்தார். நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் இது என்ன பிடிவாதம் என்றுதான் தோன்றியது.

ஜப்பானிய நண்பர் குரலைத் தாழ்த்திக் காரணம் சொன்னார். 2006-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள் இரவு, இதே ஊரில், கடற்பாலம் ஒன்றில், குடித்துவிட்டுக் கார் ஓட்டியவன் முன்னால் சென்ற குடும்பத்தின் வண்டியை இடித்தான். வண்டி கடலில் விழுந்தது. தாயும் தந்தையும் பிழைத்தார்கள். நான்கு, மூன்று, ஒரு வயதுடைய மூன்று குழந்தைகள் மாண்டன. நாடே கொதித்தது. 2007-இல் சட்டம் கடுமையாயிற்று. போதையில் ஓட்டியவருக்கு 5 ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். அவர் ஓட்டப்போகிறார் என்று அறிந்தும் ஊற்றிக் கொடுத்தவருக்கும், தன்னை ஏற்றிப் போகச் சொல்லிக் கூட அமர்ந்து சென்றவருக்கும் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம்!

அதற்குமேல் யாரும் கெஞ்சவில்லை. இரண்டாவது கடையில் முள்ளங்கியும் முட்டையும் கொதித்த 'ஓதென்', வெந்நீர் கலந்த பார்லிச் சோச்சூ. மூன்றாவது கடையில் ஆவி பறக்கும் மீ. எங்கு போனாலும் நண்பருக்குத் தேநீர்தான். நாங்கள் இருவரும் மாறி மாறி அவருக்கு ஊற்றினோம். மூன்றாவது கடையில் அவரே குவளையை நீட்டி, "தேநீர்த் தளபதிக்கு இன்னொன்று!" என்றாரே பார்க்கலாம்! கடையே சிரித்தது.

நள்ளிரவில் அவர் எங்களைப் பத்திரமாக விடுதியில் சேர்த்தார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அப்பாவின் குவளையை அன்றிரவு ஒரே ஒருவர் கையால் மூடியிருந்தால்...?

மலேசியாவிலும் 2020-இல் சட்டம் கடுமையாகிவிட்டது. குடித்துவிட்டு ஓட்டி உயிரைப் பறித்தால், முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை. ஆனால் சட்டம் வருமுன் வர வேண்டியவர்கள் நாம் அல்லவா? அடுத்த கல்யாண விருந்தில் உங்கள் தம்பியோ மச்சானோ குவளையை நீட்டினால், முதலில் சாவி யாரிடம் என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். காலையில் காப்பி குடிக்க வீட்டில் இருப்பாரே, அது போதாதா?