பழைய விலை காட்டும் பக்கம்

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் அன்றைய 916 தங்கத்தின் விலை, கிராமுக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். உலகச் சந்தையில் விலை ஏறினாலோ இறங்கினாலோ கடைக்காரர் அந்த ஓர் எண்ணை மாற்றினால் போதும். வாடிக்கையாளர் ஒரு வளையலைக் கையில் எடுக்கும்போது அதை எடை போட்டு, செய்கூலியும் வரியும் சேர்த்து, அப்போதைய விலையைச் சொல்லிவிடுவார்.

அத்தகைய கடை ஒன்று இணையத்திலும் விற்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டாயிரம் நகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் விலை. இங்கும் மாறுவது ஓர் எண்தான். ஆனால், அந்த மாற்றம் இரண்டாயிரம் பக்கங்களையும் சென்றடைய வேண்டும். ஒரு பக்கம் விடுபட்டாலும் அதைப் பார்ப்பவருக்கு நேற்றைய விலைதான் தெரியும்.

பக்கம் ஏன் தானாக மாறுவதில்லை? நாம் பார்ப்பது பெரும்பாலும் பக்கத்தின் நகலை என்பதுதான் காரணம்.

நகல் எதற்கு?

நாம் ஓர் இணையப் பக்கத்தைக் கேட்கும்போது, அந்தத் தளத்தின் கணினி தரவுத்தளத்திலிருந்து எடை, செய்கூலி, தங்க விலை, வரி விகிதம் ஆகியவற்றை எடுத்துக் கணக்கிட்டுப் பக்கத்தை உருவாக்குகிறது. ஒரே வளையலை ஆயிரம் பேர் பார்த்தால் அதே கணக்கை ஆயிரம் முறை போட வேண்டும். அது வீண் வேலை. ஆகவே, முதல் முறை உருவாக்கிய பக்கத்தை நகலாக எடுத்து வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு அதையே கொடுக்கிறார்கள். இதைக் கணினித் துறையில் ‘கேஷ்’ என்பர். தமிழில் தற்காலிகச் சேமிப்பு எனலாம்.

இரண்டாவது காரணம் இயற்பியல் சார்ந்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் இடையே உள்ள தூரம் கிட்டத்தட்ட 10,900 கிலோமீட்டர். கம்பிவடம் நேர்கோட்டில் போனாலும், ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பலமுறை போய்வர நேரிடலாம். ஒளியின் வேகத்தைக் கூட்ட எவராலும் முடியாது. தூரத்தைக் குறைக்கலாம். அதனால்தான் வெளிநாட்டுத் தளங்களின் நகல்கள் சிங்கப்பூரில் உள்ள கணினிகளிலும் வைக்கப்படுகின்றன.

ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும்?

நகலை எப்போது தூக்கி எறிவது? எளிமையான வழி, பால் பொட்டலத்தில் இருப்பதுபோல் அதற்கும் ஒரு காலாவதி நேரம் குறிப்பது. ‘ஒரு மணி நேரம் வரை இதைக் கொடு, பிறகு புதிதாகக் கேள்’ என்று பக்கத்துடன் ஒரு குறிப்பு செல்லும். பள்ளியின் வரலாற்றுப் பக்கத்துக்கு இது போதும். எல்லாப் பக்கங்களுக்கும் போதாது.

2013 ஜூன் மாதப் புகைமூட்டம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஜூன் 19ஆம் தேதி இரவு 9 மணிக்கு 290 ஆக இருந்த காற்றுத் தரக் குறியீடு, 10 மணிக்கு 321ஐ எட்டியது. இரண்டு நாள் கழித்து, 21ஆம் தேதி நண்பகலில் அது 401 ஆனது. 300 வரை ‘மிகவும் ஆரோக்கியமற்ற’ நிலை. அதற்கு மேல் ‘அபாயகரமான’ நிலை. அன்றிரவு 10 மணிக்குப் பிறகு, ஒரு மணி நேர ஆயுள் கொண்ட நகலை ஒருவர் பார்த்திருந்தால், அவருக்கு 290 என்றே தெரிந்திருக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளையை வெளியே அழைத்துச் செல்வதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் பெற்றோருக்கு அந்த ஒரு மணி நேரம் சிறியதன்று.

எல்லாவற்றையும் அழித்தால்?

‘ஏதாவது மாறினால் எல்லா நகல்களையும் ஒரேயடியாக அழித்துவிட்டால் என்ன?’ என்று தோன்றலாம். பழைய தகவல் இருக்காது, உண்மைதான். ஆனால், அடுத்த நொடியே எல்லாரும் தரவுத்தளத்தின் வாசலில் வந்து நிற்பார்கள். தீபாவளிக்கு முந்தைய இரவு, ஒரே ஒரு கல்லாவை மட்டும் திறந்து வைத்திருக்கும் கடையின் கதைதான்.

2010 செப்டம்பர் 23ஆம் தேதி ஃபேஸ்புக் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முடங்கியது இதைப் போன்ற நெரிசலால்தான். சேமிப்பில் தவறான மதிப்பு இருந்தால் அதை நீக்கி, தரவுத்தளத்திலிருந்து சரியான மதிப்பை எடுத்து வைக்கும் தானியங்கி முறை அங்கு இருந்தது. ஒரு நாள் மூல மதிப்பே தவறாகிவிட்டது. கணினிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் அதைத் திருத்த முயன்றன. நொடிக்கு இலட்சக்கணக்கான கேள்விகள் குவிந்ததால் தரவுத்தளம் திணறியது. பதில் வராமல் பிழைச் செய்தி வந்தபோது, அதையும் தவறான மதிப்பு என்று எடுத்துக்கொண்டு கணினிகள் சேமிப்பை மேலும் அழித்தன. அதனால் கேள்விகள் மேலும் பெருகின. கடைசியில், தளத்தையே நிறுத்திவைத்துத்தான் அந்தச் சுழலை உடைக்க முடிந்தது.

ஆக, குறைவாக அழித்தால் பொய். அதிகமாக அழித்தால் முடக்கம். எதை அழிப்பது என்பதைச் சரியாக அறிய வேண்டும்.

ஒவ்வொரு நகலுக்கும் ஒரு சீட்டு

அதற்கான வழி, நகல் எடுக்கும்போதே அது எந்தெந்தத் தகவல்களால் ஆனது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுவது. 118ஆம் எண் வளையலின் பக்கத்தில் ‘வளையல் 118’, ‘தங்க விலை’, ‘வரி விகிதம்’ என்று மூன்று சீட்டுகள் இருக்கும். அதே வளையலின் படம் தீபாவளிச் சலுகைப் பக்கத்திலும் முகப்புப் பக்கத்திலும் இருந்தால், அவற்றிலும் ‘வளையல் 118’ சீட்டு ஒட்டப்படும்.

அந்த வளையலின் செய்கூலி மட்டும் மாறினால், ‘வளையல் 118’ சீட்டு உள்ள பக்கங்கள் மட்டும் தானாக அழியும். மற்றவை அப்படியே இருக்கும். தங்க விலை மாறினால் அந்தச் சீட்டு உள்ள எல்லாம் அழியும். கடையின் முகவரிப் பக்கம் தப்பிக்கும். எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று ஊழியர் எவரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. 2015 நவம்பரில் வெளியான ட்ரூபல் 8 என்ற தள மேலாண்மை மென்பொருள் இந்த முறையைத் தன் அடிப்படையிலேயே சேர்த்துக்கொண்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கடைக்குப் புதிதாக ஒரு வளையல் வந்தால்? அதன் பெயர் கொண்ட சீட்டு எந்தப் பழைய பக்கத்திலும் இருக்காது. ஆனால், வளையல் பட்டியல் மாறியாக வேண்டும். ஆகவே, பட்டியல் பக்கத்துக்கு ‘வளையல் பட்டியல்’ என்று தனிச் சீட்டு தேவை. புதிய வரவு ஏதாயினும் அந்தச் சீட்டு உள்ள நகல் நீக்கப்படும்.

வரி உயர்ந்த நள்ளிரவு

2024 ஜனவரி 1ஆம் தேதி பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடானது. வரிக்கு முன் 1,000 வெள்ளி மதிப்புள்ள வளையல், நள்ளிரவுக்கு முன்பு 1,080 வெள்ளி; பின்பு 1,090 வெள்ளி. ‘வரி விகிதம்’ என்ற ஒரு சீட்டை அழித்தால் நகைப் பக்கங்கள் அனைத்தும் புதுப்பிக்கப்படும். அப்போது நெரிசலைத் தவிர்க்க, ஒரு பக்கத்தை ஆயிரம் பேர் கேட்டாலும் ஒருவரின் கேள்வியை மட்டும் தரவுத்தளத்துக்கு அனுப்பி, மற்றவர்களைச் சற்றுக் காக்க வைத்து, வந்த பதிலை எல்லாருக்கும் பகிர வேண்டும்.

பணம் செலுத்தும் பக்கத்தை மட்டும் நகலெடுத்து வைக்கவே கூடாது. அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியானது. 2015 கிறிஸ்துமஸ் நாளன்று, ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் சேமிப்பு அமைப்பு தவறியதால், ஏறத்தாழ 34,000 பேரின் பக்கங்கள் பிறருக்குத் தெரிந்திருக்கக்கூடும் என்று அதன் நிறுவனமான வால்வ் தெரிவித்தது.

நமது கைப்பேசியில்

எத்தனை சீட்டு ஒட்டினாலும் கடையால் எட்ட முடியாத இடம் ஒன்று உண்டு. அது நமது கைப்பேசி. அங்கே சேர்ந்துவிட்ட நகலை, அதன் காலாவதி நேரத்துக்கு முன் கடை தன் விருப்பப்படி அழிக்க முடியாது. அதனால், மாறக்கூடிய பக்கங்களுக்குக் கைப்பேசியில் மிகக் குறுகிய ஆயுளையே கொடுப்பது நல்ல தளங்களின் வழக்கம்.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. புகைமூட்டக் குறியீடோ, கோயில் திருவிழாவுக்கான சாலை மூடலோ, மருந்தக நேரமோ, எதைப் பார்த்தாலும் ‘கடைசியாகப் புதுப்பித்த நேரம்’ எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தை ஒருமுறை புதுப்பித்துவிட்டு, பிறகு முடிவெடுங்கள்.