நான்கு சக்கரமும் இழுக்கும் கார்: மறந்துபோகும் ஆயில்களும் மறுக்கப்படும் வாரண்டியும்

இன்ஜின் ஆயில் மாற்றும் தேதியை நாம் மறந்தாலும் சர்வீஸ் சென்டர் மறப்பதில்லை, போன் வந்துவிடும். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் கார்களில் இன்னும் சில இடங்களிலும் ஆயில் இருக்கிறது. கியர்பாக்ஸ், முன்னும் பின்னும் இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல்கள், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. தார், ஜிம்னி, ஃபோர் பை ஃபோர் ஃபார்ச்சூனர் ஆகியவற்றின் அடியில் பார்த்தால் இவை தெளிவாகவே தெரியும். டஸ்டர் ஏடபிள்யூடி, கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் போன்றவற்றில் டிரான்ஸ்ஃபர் பெட்டி கியர்பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு, கண்ணில் படாமல் இருக்கும். இவற்றில் சிலவற்றை வீட்டிலேயே மாற்றலாம். அது உரிமையாளரின் உரிமையும்கூட. ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற தெளிவும், செய்ததற்கான ஆதாரமும் கையில் இல்லையென்றால் அந்த உரிமையால் பயனில்லை.

முதலில், இந்த ஆயிலை ஏன் மாற்ற வேண்டும்? டிஃபரன்ஷியலில் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரைதான் இருக்கும். கியர்பாக்ஸோடு ஒட்டிய டிரான்ஸ்ஃபர் பெட்டியில் ஒரு லிட்டர்கூடக் கொள்ளாத மாடல்கள் உண்டு. அதுவும் சைலன்சர் குழாயின் சூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். இவ்வளவு குறைந்த ஆயில், இவ்வளவு சூட்டில், பல்லோடு பல் உரசும் வேலையைச் செய்யும்போது சீக்கிரம் கெடத்தான் செய்யும். 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று சொல்லி விற்கப்படும் ஆயிலை நம்பாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. உலகின் பெரிய கியர்பாக்ஸ் தயாரிப்பாளர்களில் ஒன்றான ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களின் ஆயிலை 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இந்தக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி மழையிலும் கார்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் பெட்டிகளுக்கு மூச்சுவிடச் சிறு காற்றுக்குழாய் உண்டு. சூடாக இருக்கும் பெட்டி தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது, அந்தக் குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சர்வீஸ் சென்டர் இன்ஜினை மட்டும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். எல்லா டிஃபரன்ஷியலையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும்.

வீட்டில் மாற்றத் தகுந்தவை டிஃபரன்ஷியல் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில். ஆட்டோமேட்டிக், சிவிடி கியர்பாக்ஸ்களை விட்டுவிடுங்கள். பலவற்றில் ஆயில் மட்டத்தை, அது குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது, இன்ஜின் ஓட ஓடப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்கேனர் தேவை. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் செலவு லட்சத்தில் வரும். பின் அச்சில் மின்சாரத்தால் இயங்கும் கிளட்ச் கப்ளிங் இருந்தால், அதற்கென்றே தனி ஆயில் உண்டு. மேனுவலைப் படிக்காமல் அதையும் தொடாதீர்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் தலையைக்கூட நீட்டக்கூடாது. ஹாலோ பிளாக், செங்கல், மரக்கட்டை அடுக்கு எதுவும் வேண்டாம். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். எடை தாங்கும் அளவு குறித்திருக்கும் இரும்பு ஸ்டாண்டுகள், சமதளமான கான்கிரீட் தரை, டயருக்கு அடைக்கட்டை ஆகிய மூன்றும் இல்லையென்றால் வேலையைத் தொடங்காதீர்கள். இந்த வகைக் கார்களுக்கென்றே சில ஆபத்துகளும் உண்டு. ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், தரையில் இருக்கும் முன் சக்கரங்களுக்கு அந்தப் பிடி கிடையாது. டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருக்கும் ஜீப் வகை வண்டியில், கியரில் போட்டு நிறுத்தினாலும் சக்கரம் உருளும். இரண்டு சக்கரம் மட்டும் தூக்கிய நிலையில் இன்ஜினை ஓடவிட்டுக் கியர் போட்டால், தரையில் உள்ள சக்கரங்களுக்கு விசை போய் வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும். ஆகவே இன்ஜின் ஆஃப், சாவி உங்கள் சட்டைப் பையில். வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

வேலையில் ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். ஆயில் ஊற்றும் மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது கழன்ற பிறகே கீழே வடிக்கும் பிளக்கைத் தொடுங்கள். துருப்பிடித்த மேல் பிளக் கழலாமல், ஆயிலை மட்டும் வடித்துவிட்டால் வண்டியை நகர்த்தவே முடியாது, டோயிங்தான். எந்தப் பிளக் எதனுடையது என்பதையும் மேனுவலின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாடுகளில் சுபாரு கார் வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயில் என்று நினைத்துக் கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துவிடுவது பழைய கதை. பிறகு இன்ஜினில் இரு மடங்கு ஆயில், கியர்பாக்ஸ் காலி. காந்தப் பிளக்கில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் இரும்புத் துண்டு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டியாக வேண்டும். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பல பெட்டிகள் அலுமினியம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்கினால் மரை போய்விடும். கார் மட்டமாக நிற்கும்போது மேல் துளையின் விளிம்புவரை ஆயில் வர வேண்டும் என்பதே பொதுவான அளவு.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் உள்ள எழுத்தை மேனுவலோடு ஒப்பிடுங்கள். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தர ஆயில் தேவைப்படலாம். அதையே ஜிஎல்-4 கேட்கும் மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்றினால், சில வகை ஜிஎல்-5 ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும். 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. போலி ஆயில் என்று பின்னால் தெரிந்தால் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரமும் அந்தப் பில்தான்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ காலி மனையிலோ கொட்டுவது சட்டவிரோதம். 2016 அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் அது வருகிறது. மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலை முறைப்படி மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

இப்போது வாரண்டி. 'வெளியில் கை வைத்தால் வாரண்டி போய்விடும்' என்ற மிரட்டலைக் கேட்காத கார்க்காரர் குறைவு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தர வேண்டும், தனியார் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைச் சரிபார்த்ததற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டி ரத்து என்ற நிபந்தனை வைக்கக்கூடாது என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. சிலவற்றுக்கு அபராதம் குறைந்தது. ஆனால் இந்த உத்தரவு தனியார் ஒர்க்‌ஷாப்பைப் பற்றியே பேசுகிறது, வீட்டு வாசலில் நாமே செய்யும் வேலையைப் பற்றி அல்ல. தவறான ஆயில் ஊற்றிப் பழுதானால் எந்த வாரண்டியும் காப்பாற்றாது. எனவே வாரண்டிக் காலத்தில் இந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில் செய்து பில் வைத்துக்கொள்வதே நல்லது. வாரண்டி முடிந்த பிறகு வீட்டில் செய்யுங்கள்.

வாரண்டியை மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். எந்தப் பாகம், என்ன காரணம், நீங்கள் மாற்றிய ஆயிலுக்கும் இந்தப் பழுதுக்கும் என்ன தொடர்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றியதற்காக ஏசி கம்ப்ரஸருக்கு வாரண்டி இல்லை என்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. பதில் வரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஓடோமீட்டர், ஆயில் டப்பாவின் லேபிள், பேட்ச் எண், கழற்றிய பிளக் ஆகியவற்றைப் படம் எடுத்துப் பில்லோடு சேர்த்து வையுங்கள். சந்தேகம் இருந்தால், வடித்த ஆயிலில் கொஞ்சத்தைச் சுத்தமான பாட்டிலில் மூடி, தேதி ஒட்டி வையுங்கள். தேவைப்பட்டால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போக வேண்டும். 'பார்த்துச் சொல்கிறோம்' என்ற பதிலுக்காகக் காத்திருக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில் சேரும்.