குழாய்க்குள் போன குட்டி ஸ்மோக்கி!

குட்டீஸ், உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேலை எடுங்கள். மேஜை மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதற்கு மேலே இரண்டு விரலை வையுங்கள். அவ்வளவுதான் ஸ்மோக்கியின் உயரம்! எடை? கடையில் வாங்கும் ஒரு கிலோ உப்பு பாக்கெட் இரண்டைச் சேர்த்தால் வருமே, அதைவிடக் குறைவு.

இத்தனூண்டு நாய் போர்க்களத்தில் இருந்தது என்றால் நம்புவீர்களா? கதையல்ல, நிஜம்.

ஸ்மோக்கி ஒரு யார்க்ஷயர் டெரியர். 'டெர்ரா' என்றால் லத்தீன் மொழியில் மண் என்று அர்த்தம். மண்ணைத் தோண்டி, வளைக்குள் புகுந்து எலியையும் முயலையும் விரட்டுவதற்காக வளர்க்கப்பட்ட நாய்கள் என்பதால் டெரியர் என்று பெயர் வந்தது. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் துணி ஆலைகள் பெருகின. அங்கே வேலை தேடி ஸ்காட்லாந்திலிருந்து வந்த நெசவாளிகள் தங்கள் குட்டி நாய்களையும் கூடவே கொண்டு வந்தார்கள். ஆலைகளில் எலி பிடிப்பதுதான் அவற்றுக்கு வேலை. அந்த நாய்களின் வழியில் வந்ததுதான் பட்டு நூல் போல நீளமாக முடி வளரும் இந்த இனம். பிற்காலத்தில் பணக்காரச் சீமாட்டிகள் மடியில் வைத்துக் கொஞ்சும் நாயாகிவிட்டது. ஆனாலும் உள்ளே இருப்பது எலி பிடிக்கிற டெரியர்தான். பொந்தைக் கண்டால் மூக்கை நுழைக்காமல் இருக்காது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1944 பிப்ரவரி. இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்த நேரம். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கிற பெரிய தீவு நியூகினி. அடர்ந்த காடு, விடாத மழை, கொசு. அங்கே அமெரிக்கப் படையும் ஜப்பான் படையும் மோதிக் கொண்டிருந்தன. ஒரு அமெரிக்க வீரரின் ஜீப் காட்டு வழியில் பழுதாகி நின்றது. இறங்கிப் பார்த்தபோது எங்கிருந்தோ மெல்லிய முனகல் சத்தம் வந்தது. யாரோ வெட்டி, விட்டுவிட்டுப் போன பதுங்குகுழி ஒன்றுக்குள் ஒரு குட்டி நாய்! மேலே ஏற முடியாமல் தவித்துக் கொண்டிருந்தது.

அவருக்கு நாய் என்றால் அவ்வளவாகப் பிடிக்காது. முகாமுக்குத் தூக்கி வந்து, வண்டிகளைப் பழுது பார்க்கும் இடத்தில் இருந்த சார்ஜென்ட்டிடம் கொடுத்துவிட்டார். சார்ஜென்ட்டுக்கு சீட்டாட்டப் பைத்தியம். கையில் காசு தீர்ந்து போயிருந்தது. அதனால் நாயை விற்றுவிட்டார்! விலை 2 ஆஸ்திரேலிய பவுண்டு.

வாங்கியவர் பெயர் வில்லியம் வின். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த இளைஞர். விமானத்திலிருந்து எதிரியின் இடங்களைப் படம் பிடிக்கும் புகைப்படப் பிரிவில் இருந்தார்.

இந்த நாய் யாருடையது? காட்டுக்குள் எப்படி வந்தது? ஒருவேளை ஜப்பான் வீரர்களுடையதாக இருக்குமோ என்று நினைத்து, பிடிபட்ட ஜப்பானியக் கைதிகள் இருந்த முகாமுக்குக் கொண்டு போய், ஜப்பானிய மொழியில் பேசிப் பார்க்கச் சொன்னார்கள். 'உட்கார்', 'வா' எதுவும் அதற்குப் புரியவில்லை. சரி, ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்போம் என்றால் அதுவும் புரியவில்லை! இரண்டு பக்கமும் சேராத நாய். வின் அதற்கு ஸ்மோக்கி என்று பெயர் வைத்தார்.

அப்புறம் ஆரம்பித்தது இருவரின் கூடார வாழ்க்கை. ராணுவத்தில் வேலைக்கென்றே பயிற்சி கொடுத்த நாய்கள் உண்டு. அவற்றுக்கு டாக்டர் உண்டு, தனிச் சாப்பாடு உண்டு. ஸ்மோக்கிக்கு ஒன்றுமே கிடையாது. அது கணக்கிலேயே வராத நாய். வின் தட்டில் என்ன இருந்ததோ அதுதான் அதற்கும்: டப்பாவில் அடைத்து வரும் ராணுவ உணவில் ஒரு பங்கு. குளியல் எதில் தெரியுமா? வின் தலையில் போடுகிற இரும்புத் தொப்பியில்! தொப்பியைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினால் ஸ்மோக்கிக்கு அதுவே பாத்டப். சீட்டாட்ட மேஜையில் விரிக்கும் பச்சைத் துணியில் போர்வை செய்து, அதில் தூங்கியது.

ஓய்வு நேரத்தில் வின்னுக்கு ஒரே பொழுதுபோக்கு, ஸ்மோக்கிக்கு வித்தை சொல்லித் தருவதுதான். துப்பாக்கி போல விரலை நீட்டி 'டுமீல்' என்பார். ஸ்மோக்கி பொத்தென்று விழுந்து செத்தது போலக் கிடக்கும். தூக்கினாலும் துணி மாதிரி தொங்கும். கண்ணைக்கூட அசைக்காது! அட்டையில் வெட்டிய ஆங்கில எழுத்துகளைத் தரையில் பரப்பிவிட்டு ஒவ்வொரு எழுத்தாக அவர் சொன்னால், அதே வரிசையில் எடுத்து வந்து தன் பெயரை எழுத்துக் கூட்டும். கம்பி மேல் நடக்கும். குட்டி ஸ்கூட்டரை உதைத்து ஓட்டும். அது எழுத்தை நிஜமாகவே படித்ததா என்று கேட்காதீர்கள். நாய்கள் படிக்காது. ஆனால் வின் குரலில் ஒரு சின்ன ஏற்ற இறக்கம், கையில் ஒரு சின்ன அசைவு இருந்தால் போதும், இதுவா அதுவா என்று கண்டுபிடித்துவிடும். நாய் வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாம் செருப்பைத் தேடும்போதே 'வெளியே போகிறார்கள்' என்று வாசலில் போய் நிற்குமே, அதே மூளைதான்.

இதற்கிடையில் வின்னுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு! நம் ஊரில் மழைக்காலம் வந்தால் பயமுறுத்துமே, அதே டெங்கு. ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நண்பர்கள் அவருக்கு வந்த கடிதங்களோடு ஸ்மோக்கியையும் பார்க்கக் கொண்டு வந்தார்கள். பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் போரில் காயம்பட்டு வந்த வீரர்கள். பேசக்கூட மனமில்லாமல் படுத்திருந்தவர்கள், இந்தக் குட்டி நாயைப் பார்த்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தார்களாம். நர்ஸுகள் அதைக் கவனித்துவிட்டார்கள். ஸ்மோக்கியை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தவர் சார்லஸ் மேயோ என்ற டாக்டர். அமெரிக்காவின் புகழ்பெற்ற மேயோ மருத்துவமனைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பகலில் நர்ஸுகளோடு வார்டு வார்டாகப் போவது, இரவில் வின் கட்டிலில் தூங்குவது. ஸ்மோக்கியின் டியூட்டி இதுதான். இன்று பல நாடுகளில் நோயாளிகளின் மனதைத் தேற்றுவதற்கென்றே நாய்களைப் பழக்கி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள் இல்லையா? அந்த வேலையை முதன்முதலில் செய்த நாய்களில் ஒன்றாக ஸ்மோக்கியைச் சொல்கிறார்கள்.

விமானத்திலும் பறந்திருக்கிறது. கடலில் விழுந்த விமானிகளைத் தேடிப் போகும் விமானங்களில் வின் போனபோது, முதுகில் மாட்டும் பையில் ஸ்மோக்கியைப் போட்டு உள்ளே தொங்கவிட்டுக் கொள்வார். இப்படிப் பன்னிரண்டு முறை.

சரி, குழாய் விஷயத்துக்கு வருவோம்.

1945 ஜனவரி. அமெரிக்கப் படை பிலிப்பைன்ஸ் நாட்டின் லூஸான் தீவில், லிங்காயென் வளைகுடாக் கரையில் இறங்கியிருந்தது. அங்கே ஒரு விமான தளம். தந்திக் கம்பிகளை ஓடுபாதையின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கொண்டு போக வேண்டும். மேலே போட முடியாது, விமானங்கள் ஓடுகிற இடம். மண்ணைத் தோண்டிப் புதைக்கலாம் என்றால் மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் ஆட்கள் வெட்டவெளியில் நின்று தோண்ட வேண்டும். அங்கிருந்த நாற்பது விமானங்களையும் இடம் மாற்றி வெளியே நிறுத்த வேண்டும். எதிரி விமானம் குண்டு போட வந்தால் ஒளிய இடமில்லை. சுமார் 250 பேரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஓடுபாதைக்கு அடியில் ஏற்கெனவே ஒரு குழாய் இருந்தது. எழுபது அடி நீளம். அகலம் எட்டே அங்குலம். குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களிலெல்லாம் மண் உள்ளே கொட்டி, சில இடங்களில் பாதிக்குப் பாதி அடைத்திருந்தது. அப்படியென்றால் நாலு அங்குலம்தான் மிச்சம்! ஸ்மோக்கியின் உயரம் எவ்வளவு? ஏழு அங்குலம். இப்போது இன்னொரு முறை ஸ்கேலை எடுத்துப் பாருங்கள்.

"உன் நாய் இதற்குள் போகுமா?" என்று வின்னிடம் கேட்டார்கள்.

எனக்கு இந்த இடத்தில் வின் மேல் கொஞ்சம் கோபமும் வருகிறது. நாய் என்ன, நானா போகிறேன் என்று சொல்லியா சேர்ந்தது? பாதி வழியில் மாட்டிக்கொண்டால் கை விட்டு எடுக்க முடியாது. காற்றும் குறைவு. நீங்களாக இருந்தால் உங்கள் செல்லத்தை அனுப்புவீர்களா? ஆனால் அந்தப் பக்கம் 250 பேர் நிற்கிறார்களே என்று நினைக்கும்போது கோபம் குழப்பமாகிவிடுகிறது. வின்னுக்கும் சுலபமாக இருந்திருக்காது.

ஸ்மோக்கியின் கழுத்துப் பட்டையில் ஒரு நூலைக் கட்டினார்கள். நூலின் இன்னொரு நுனியில் கம்பி. வின் ஓடிப்போய்க் குழாயின் மறுமுனையில் தரையில் படுத்து, வாயை வைத்துக் கூப்பிட்டார். ஸ்மோக்கி உள்ளே நுழைந்தது. சில அடி வைத்தது. நின்றது. திரும்பி வர ஆரம்பித்துவிட்டது!

வின் குரலைக் கொஞ்சம் கடுமையாக்கி மறுபடி கூப்பிட்டார். மறுபடி உள்ளே போனது. சுமார் பத்தடி போனதும் நூல் எதிலோ சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்துவிட்டு, 'மாட்டிக்கிச்சு, என்ன செய்யட்டும்?' என்று கேட்பது போல நின்றது. பிறகு நூல் தளர்ந்து சிக்கல் விடுபட்டது. மறுபடியும் ஊர்ந்தது. உள்ளே ஒரே புழுதி. இருட்டு. வின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கூப்பிட்டுக் கொண்டே இருந்தார். நேரம் போய்க் கொண்டே இருந்தது.

கடைசியில், இருபது அடி தள்ளி இரண்டு சின்னப் புள்ளிகள் மினுங்கின. ஸ்மோக்கியின் கண்கள்! மெல்லிய முனகலும் கேட்டது. இன்னும் ஐந்தடி ஊர்ந்து வந்தது. அவ்வளவுதான், வின் முகத்தைப் பார்த்ததும் ஒரே ஓட்டம்! நூலோடு வெளியே வந்து விழுந்தது. அவர் செய்த முதல் வேலை, கம்பியை எடுத்தது அல்ல. ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஸ்மோக்கியைத் தடவிக் கொடுத்துக் கொஞ்சிக் கொண்டிருந்தார்.

எலி வளையில் புகுந்த யார்க்ஷயர் ஆலை நாய்களின் ரத்தம் வீண் போகவில்லை. ஆனால், எலியைத் தேடிப் போன நாய் சில அடியிலேயே திரும்பியிருக்காது. இது பயந்து திரும்பியது. பிறகும் போனது, அவர் குரல் கேட்டதால்.

கப்பலில் போகும்போது ஒருமுறை, விழப்போகும் குண்டைத் தனக்கு முன்பே ஸ்மோக்கி உணர்ந்து எச்சரித்தது என்றும், தான் குனிந்ததால் பிழைத்தேன் என்றும் வின் சொல்லியிருக்கிறார். நாயின் காது நம் காதுக்கு எட்டாத சத்தத்தையும் கேட்கும் என்பது உண்மைதான்.

போர் முடிந்தது. வீட்டுக்குப் போகலாம். ஆனால் நாயைக் கப்பலில் கொண்டு போக அனுமதி இல்லை! குழாய்க்குள் போன நாயை விட்டுவிட்டுப் போவாரா வின்? விமானத்தில் பிராணவாயு முகமூடி வைக்கிற பை ஒன்று இருந்தது. அதற்குள் ஸ்மோக்கி. சத்தம் போடாமல் இருக்க வேண்டும். இருந்தது! இப்படி ஒளித்தே அமெரிக்கா கொண்டு வந்து சேர்த்துவிட்டார். 1945 டிசம்பர் 7ஆம் தேதி கிளீவ்லாந்து நாளிதழின் முதல் பக்கத்தில் இரண்டு பேரின் கதையும் வந்தது.

பிறகு பத்து வருஷம் மேடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஸ்மோக்கியின் வித்தைகள் நடந்தன. தொலைக்காட்சி அப்போதுதான் வீடுகளுக்கு வர ஆரம்பித்திருந்தது. நாற்பத்திரண்டு நேரடி நிகழ்ச்சிகள் செய்து, ஒன்றில் செய்த வித்தையை இன்னொன்றில் செய்யவில்லையாம்! கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பி மேல் நடப்பதும் அதில் உண்டு.

1957 பிப்ரவரி 21 அன்று ஸ்மோக்கி இறந்தது. வயது சுமார் 14. போர்க்காலத் தோட்டாப் பெட்டி ஒன்றில் வைத்து, கிளீவ்லாந்து பூங்கா ஒன்றில் புதைத்தார்கள். 2005 நவம்பர் 11 அன்று அங்கே வெண்கலச் சிலை வைத்தார்கள். நிஜ அளவில், கவிழ்த்த இரும்புத் தொப்பிக்குள் உட்கார்ந்திருக்கிறது ஸ்மோக்கி. வின் 2021இல் இறந்தபோது அவருக்கு வயது 99.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் காட்டுக் குழிக்குள் ஸ்மோக்கி எப்படி வந்தது? பல வருஷம் அது மர்மமாகவே இருந்தது. ஸ்மோக்கி இறந்த செய்தி பேப்பரில் வந்த பிறகு, வின்னை ஒரு பெண்மணி கூப்பிட்டுப் பேசினார். போரின்போது நியூகினியில் ராணுவ நர்ஸாக இருந்தவர். 1943 கிறிஸ்துமஸுக்கு, அவரை மணக்க இருந்தவர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு யார்க்ஷயர் டெரியர் வாங்கிப் பரிசு கொடுத்தாராம். நியூகினியில் ஒருநாள் அது காணாமல் போய்விட்டது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையாம்.